அமைச்சருக்கு நாங்கள் கொடுத்த நடை

போன மாதம் உங்கள் கார்ட்டூன் வகுப்பில் நான் பேசி முடித்ததும், உங்களில் ஒரு பெண் என் பின்னாலேயே வந்து, "அன்ரி, பொலிற்றிக்கல் கார்ட்டூன் செய்தா ஏதாவது சேஞ்ச் வருமா?" என்று கேட்டாள். கண் நிறைய நம்பிக்கை. வரும் பிள்ளை, ஏன் வராது? நாங்கள் செய்த கார்ட்டூனால் ஒரு அமைச்சரின் செல்வாக்கு மாறத்தான் செய்தது. நன்றாகக் கூடியது.

அன்றைக்கு அவளுக்குச் சிரித்து மழுப்பிவிட்டு ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அப்படி மழுப்பியது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எப்படி வரைவது என்பது பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அதை உங்கள் கணினி என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித்தரும். எதை அசைப்பது, எதை அசையாமல் விடுவது என்று முடிவெடுக்கிற இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்கள் வேறு வேலை தேடிப் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் மெல்பனில் ஓர் இத்தாலியரோடு கழிந்தது. நையாண்டிக் கார்ட்டூன்களை அசையவைப்பதுதான் அவருடைய வாழ்க்கை முழுவதும். பெயர் வேண்டாம். இப்போது தன் பெயரை யாரும் எடுப்பது அவருக்குப் பிடிப்பதில்லை. நான் அவரைச் சிஞ்ஞோர் என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சிஞ்ஞோரா என்பார்; இத்தாலிய மொழியில் ஐயா, அம்மா என்பதுபோல. அவருடைய ஆங்கிலம் இத்தாலியில் பிறந்தது, என்னுடையது மன்னாரில் பிறந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டு அந்த மொழி பட்ட பாடு கொஞ்சமல்ல. அவரும் மற்றப் பெரியவர்களும் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் இங்கே எங்கள் ஊர்த் தமிழிலேயே தருகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

முதலில் அவர் ஊரை விட்டு வந்த கதை. அவருடைய நகரத்தின் தலைவர் பதவியை விடவே மாட்டேன் என்று இருந்தவராம். சிஞ்ஞோர் அவரைக் கதிரையோடு ஒட்டிப்போன மனிதராக வரைந்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் நடக்கவிட்டார். கதிரையோடு கல்யாண வீட்டுக்குப் போவார், கதிரையோடு கடலில் குளிப்பார். தலைவர் கொதித்துப்போய், தொலைக்காட்சியிலேயே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். எல்லோரும் கெஞ்சியதால் சிஞ்ஞோரும் போனார். கமெரா தன் பக்கம் திரும்பியதும், இருந்த கதிரையை இரண்டு கையாலும் பின்னால் பிடித்துக்கொண்டு எழுந்து, அப்படியே நடந்து வெளியே வந்துவிட்டார். அதோடு அந்த நாட்டில் அவருக்கு வேலை இல்லாமல் போனது. மனைவியின் ஆட்கள் மெல்பனில் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தார்.

"ஆள் கோவிச்சா, நீ சரியாக் கீறியிருக்கிறாய் எண்டு அர்த்தம்," என்பார். அவருடைய வேதம் முழுவதும் அந்த ஒரு வரிதான்.

அந்த வேதம் இந்த நாட்டில் செல்லவில்லை. இங்கே அரசியல்வாதிகள் கோபிப்பதில்லை. தங்களைப் பற்றிய கேலிச்சித்திரம் வந்தால், நல்ல பகிடி என்று ஆள் விட்டுச் சொல்லி, மூலப்படத்தைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். சிலர் கழிப்பறையில் மாட்டி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவார்கள். தன்னைத் தானே கேலி செய்யத் தெரிந்தவன் நல்லவன் என்பது இந்த ஊர்க் கணக்கு. சிஞ்ஞோருக்கு முதல்முறை அப்படி ஒரு பாராட்டு வந்தபோது, யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தார்.

"இஞ்ச ஆரும் கோவிக்கிறாங்களில்லை, சிஞ்ஞோரா. பிறகு நான் என்னத்துக்குக் கீறுறன்?" என்று கேட்டார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பிறகுதான் சிட்னியில் இருக்கும் ஒரு தொலைக்காட்சி எங்களிடம் வாராவாரம் ஒரு சின்ன அரசியல் கார்ட்டூன் கேட்டது. எங்கள் கூடத்தில் மூன்று பேர். சிஞ்ஞோர் முக்கியமான ஆட்களையும் அவர்களின் அசைவையும் வரைவார். ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வருகிற படங்களை நான் வரைவேன். பின்னணி வரைவது றெஜி.

றெஜியும் எங்கள் மன்னார்க் கரையைச் சேர்ந்தவன். அங்கே பெருநாள் காலத்தில் போடுகிற கூத்துகளுக்கு மேடைத் திரை வரைந்துகொண்டிருந்தான். அவனுடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. பிறகு அவனையும் தேடி வந்தார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு படகேறி வந்தவன், அன்றையிலிருந்து தற்காலிக விசாவிலேயே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். வழக்கு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. மெல்பனிலேயே ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். மகள் இங்கேயே வளர்ந்தாள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்ட்டூனில் அசையாத எல்லாமே பின்னணிதான். சுவர், மரம், வானம், பிறகு கூட்டம். ஒரு கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரையும் அசைக்க வெளிக்கிட்டால் வாரத்துக்கு ஒன்று செய்ய முடியாது. அதனால் கூட்டத்தைப் பின்னணியிலேயே வரைந்து விட்டுவிடுவோம். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். எங்கள் கார்ட்டூன் குடிவரவு அமைச்சரைப் பற்றியது. படகில் வந்தவர்கள், வேலிக்கு உள்ளே நிற்பவர்கள் எல்லாம் பின்னணியில் இருந்தார்கள். றெஜி அவர்களை அவ்வளவு அழகாக வரைந்தான். அந்தக் கூட்டத்துக்குள் தன் மனைவியையும் மகளையும் வைத்திருப்பான், ஓர் ஓரத்தில் தானும் நிற்பான். யாரும் அசையமாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் அசைகிற ஆள் ஒருவர்தான்.

அந்த ஒருவருக்கு நடை கண்டுபிடிக்கச் சிஞ்ஞோர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். அமைச்சர் செய்தியாளர்களை விட்டு விலகிப்போகிற காட்சிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். "முகம் பொய் சொல்லும், காலுக்கு அது தெரியாது," என்பார். கடைசியில் பிடித்துவிட்டார். குதிகால் நிலத்தில் படாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துப் போகிற நடை. அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் காலுறையோடு நடக்கிறவர்போல இருக்கும். வாசல்படி வந்ததும் மட்டும் ஒரு சின்னத் துள்ளல். கேள்விகளிலிருந்து தப்பிவிட்ட சந்தோஷம் அந்தத் துள்ளலில் இருந்தது. அதை முதலில் எங்களுக்குக் காட்டியபோது நான் சிரித்துக் கண்ணீர் விட்டேன். றெஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டான்.

இப்படி ஒரு பொறுப்பில்லாத மனிதரா என்று சனம் கொதிக்கும் என்று சிஞ்ஞோர் நம்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாங்கள் குரங்கு பிடிக்க இருந்தோம், அது பிள்ளையாராய் முடிந்தது. சனம் கும்பிடத் தொடங்கிவிட்டது.

அது ஏன் என்று விளங்க எங்களுக்கு நெடுநாள் பிடித்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கண் அசைகிற பொருளைத்தான் தேடிப்போகும். நன்றாக அசைகிற ஒன்றின் மேல் மனிதனுக்கு எப்படியும் ஒரு பிரியம் வந்துவிடும். அது நல்லவனா கெட்டவனா என்று பிரியம் விசாரிப்பதில்லை. எங்களிடம் இருந்த கலை முழுவதையும் நாங்கள் அமைச்சரின் இரண்டு காலுக்குக் கொடுத்துவிட்டோம். யாருக்காகக் கோபப்பட்டோமோ அவர்களைச் சுவரோடு சுவராக நிறுத்திவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை றெஜி வீட்டில் எனக்குச் சாப்பாடு. மகள் மேசைக்கும் கதவுக்கும் நடுவில் அந்த நடையை நடந்து காட்டினாள். கதவடியில் அந்தத் துள்ளலும் அச்சொட்டாக வந்தது. "டட், லுக், ஐ ஆம் த மினிஸ்டர்!" என்றாள். நாங்கள் சிரித்தோம். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். றெஜியின் மனைவி மீன் பொரிந்துகொண்டிருந்த தாச்சியைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, அந்தாளின்ர ஒரு கையெழுத்திலதான் எங்கட உயிர் தொங்குது," என்றாள். "பிள்ளை அந்தாளாட்டம் நடந்து விளையாடுது. எனக்குச் சிரிக்கவும் ஏலேல்லை, அடிக்கவும் ஏலேல்லை."

அந்த வருடத் தீபாவளிக்கு நான் சிட்னியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஹரிஸ் பார்க்கில் தெருவை அடைத்துக் கொண்டாட்டம். அமைச்சரும் வந்திருந்தார். மேடையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கப் போனவர், படியடியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பிறகு அந்த நடையை நடந்தார். எங்கள் நடை. சிஞ்ஞோர் வரைந்து நான் இடைப்படங்கள் போட்ட நடை. கடைசியில் துள்ளலும் வந்தது. கூட்டம் தெரு அதிரச் சத்தம் போட்டது.

எனக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்ற தமிழ்நாட்டுப் பெண், "செம ஜாலியான ஆளுங்க இவரு! கொஞ்சம்கூட பந்தா இல்ல பாருங்க," என்றாள். அந்தப் பக்கம் நின்ற எங்கள் ஆள் ஒருவர், வயதானவர், "ஓம், நல்ல மனுசன். பகிடி விளங்கின ஆள்," என்றார். அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவராகத்தான் இருப்பார். நான் கையில் இருந்த ஜிலேபியைச் சாப்பிட முடியாமல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் தங்கையைத் தேடிப் போனேன்.

திரும்பி வந்து சிஞ்ஞோரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோவைக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார்.

"என்னைவிட நல்லா நடக்கிறான்," என்றார்.

நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். தொலைக்காட்சிக்காரர்கள் விடவில்லை. அவர்களின் நிகழ்ச்சிகளிலேயே அதைத்தான் சனம் அதிகம் பார்த்தது. இப்படி ஒரு நேரத்தில்தான் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. றெஜியின் வழக்குக் கடைசிப் படியிலும் தோற்றுவிட்டது. அடுத்தது, அமைச்சரின் அலுவலகத்திலிருந்து அந்த நடையின் மூலப்படம் ஒன்று கிடைக்குமா, அமைச்சர் தன் அறையில் மாட்ட ஆசைப்படுகிறார் என்று கேட்டிருந்தார்கள்.

வழக்கெல்லாம் தோற்ற பிறகும் இந்த நாட்டில் ஒரு வாசல் உண்டு. அமைச்சர் தாமாக நினைத்தால் ஒரு குடும்பத்தை இங்கே இருக்க விடலாம். நினைத்தே ஆகவேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. றெஜிக்கு மிஞ்சி இருந்தது அந்த வாசல் மட்டும்தான்.

படம் கேட்ட செய்தியைச் சிஞ்ஞோர் வாசித்துவிட்டு வழக்கம்போலத் தூக்கி எறியப் போனார். அவர் வாழ்நாளில் தன் கேலிக்கு ஆளான ஒருவருக்கும் ஒரு கோடுகூடக் கொடுத்ததில்லை. றெஜி தன் கதிரையை விட்டு எழுந்து வந்து அவருக்கு முன்னால் நின்றான்.

"சேர், அந்தாளுக்கு உங்களைப் பிடிக்கும்தானே," என்றான். "நீங்கள் போய்ப் படத்தைக் குடுத்துப்போட்டு, எங்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரே ஒரு சொல்லு."

சிஞ்ஞோர் எறியப் போன தாளை மறுபடியும் மேசையில் வைத்தார். தன் தேசத்தை விட்டாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று வந்த மனிதர். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பிடிவாதம். அதைத்தான் றெஜி கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அவன் கேட்டது மூன்று உயிருக்காக.

"கீறின கோட்டைக் குடுத்தாச் சிங்கத்தின்ர வாலைத் தடவின மாதிரி," என்று சிஞ்ஞோர் ஏதோ அவருடைய ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொல்லப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டு, "எந்தப் படம் வேணுமாம்?" என்று கேட்டார்.

நான்தான் காரோட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். சிஞ்ஞோர் தன்னிடம் இருந்த ஒரே கோட்டு உடுப்பைப் போட்டிருந்தார், படத்தை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். வழியில் ஒரு முறை, "இதை நான் செய்யிறது சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். இன்றைக்கு, எல்லாம் தெரிந்த பிறகும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்லுவேன். கூட வேலை செய்கிறவன் உயிருக்குக் கெஞ்சும்போது கலைஞனின் மானம் பெரிதென்று இருப்பவனோடு எனக்குப் பேச்சில்லை. போகாவிட்டால் அது பாவம். போனதால் நடந்தது நாசம். இரண்டும் உண்மை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். நல்ல வழி ஒன்று எங்கேயோ இருக்கும் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அமைச்சர் நேரில் அருமையான மனிதர். அதுதான் கொடுமை. தானே எழுந்து வந்து கைகொடுத்தார், தானே தேநீர் ஊற்றினார், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். படத்தைப் பார்த்துக் குழந்தையைப்போலச் சிரித்தார். "என்ர மனிசி இதைப் பாக்க வேணும்!" என்றார். ஒருவர் கமெராவோடு வந்தார். அமைச்சர் சிஞ்ஞோரின் தோளில் கைபோட்டு, இன்னொரு கையில் படத்தைப் பிடித்து, அந்த நடையில் இரண்டு அடி வைத்தார். சிஞ்ஞோரும் கூட இழுபட்டார். அந்த நேரத்தில் படம் எடுத்தார்கள். சிஞ்ஞோரின் வாய் திறந்திருந்தது. படத்தில் அது சிரிப்பாகத்தான் விழுந்தது.

கமெரா போன பிறகு சிஞ்ஞோர் கேட்டார். "எங்களோட வேலை செய்யிற பிள்ளை ஒருத்தன்" என்று தொடங்கி, றெஜியையும் மனைவியையும் மகளையும் பற்றிச் சொன்னார். தம்பியைப் பற்றியும் சொன்னார். நான் அமைச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் துடியாட்டமாக இருந்த மனிதர் அப்படியே அசையாமல் நின்றார். கை அசையவில்லை, இமை அசையவில்லை. கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நாங்கள் பேசி முடிக்கும்வரை ஒரு கதவு சாத்திக்கிடப்பதுபோல நின்றார். பிறகு மறுபடியும் அசைந்து, "என்ர அலுவலகத்துக்கு எல்லாத்தையும் அனுப்பிவையுங்கோ, கட்டாயம் பாக்கச் சொல்லுறன்," என்று கைகொடுத்தார்.

காருக்குள் ஏறியதும் சிஞ்ஞோர், "கண்டியா?" என்றார். "அவன் நடக்கிற ஆளே இல்லை. நிக்கிற ஆள். நான் பிழையான மனுசனைக் கீறிப்போட்டன்."

தோளில் கைபோட்டு எடுத்த அந்தப் படத்தை அமைச்சர் தன் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார். தன்னைக் கேலி செய்பவரோடு ஒரு தேநீர் என்று எழுதியிருந்தார். எவ்வளவு நல்ல நாடு நம் நாடு என்று அதற்குக் கீழே சனம் புளகாங்கிதப்பட்டது.

கொஞ்ச நாள் கழித்து அமைச்சரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். சிஞ்ஞோர் ஸ்பீக்கரில் போட்டார். றெஜியும் பக்கத்தில்தான் நின்றான்.

"அந்தப் படம் வெளியில வந்த பிறகு, உங்கட ஆளுக்கு அமைச்சர் ஏதும் செய்தா அது கார்ட்டூனுக்குக் குடுத்த கைமாறு மாதிரித் தெரியும்," என்றாள். "உங்களுக்கும் அது நல்ல பேரில்லைத்தானே. நீங்கள் விளங்கிக்கொள்ளுவீங்கள் எண்டு நினைக்கிறம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். இந்த நாட்டில் கழுத்தை அறுப்பதும் மரியாதையாகத்தான் நடக்கும். சிஞ்ஞோர் ஏதோ இத்தாலிய மொழியில் கத்தினார். றெஜி அவருடைய கையைப் பிடித்து, "விடுங்கோ சேர். நீங்கள் போய்க் கேட்டீங்கள். அதுவே போதும்," என்றான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவன் எங்களுக்கு ஆறுதல் சொன்னான். பிறகு போய்த் தன் கதிரையில் இருந்து, பாதியில் கிடந்த ஒரு வானத்தை வரைந்து முடித்தான்.

அடுத்த முறை குடிவரவு அலுவலகத்தில் வழக்கமான கையெழுத்தைப் போடப் போனவனை அவர்கள் திரும்ப விடவில்லை. மனைவியையும் மகளையும் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அனுப்பப் போகும் நாளைச் சொல்லவில்லை.

சிஞ்ஞோர் அன்றே அடுத்த கார்ட்டூனைத் தொடங்கினார். இந்த முறை அமைச்சர் அசையமாட்டார். படம் முழுவதும் கதவுபோல நிற்பார். கூட்டம்தான் நடக்கும். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் நடை. வரைந்து முடிக்க முடியாத வேலை அது. இருந்தும் தொடங்கினோம்.

அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே கேவலமான ஒரு நேரம் வந்தது. றெஜிக்கு நடை வரைய வேண்டும். சிஞ்ஞோர் பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அமைச்சரின் நடை எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். வருடக்கணக்காகப் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை எப்படி நடப்பான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. அவன் வருவான், இருப்பான், வரைவான், போவான். நாங்கள் பார்க்கவே இல்லை. கடைசியில், தூரிகைப் பை தொங்கித் தொங்கி அவனுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் காலுக்கு வந்தோம். அவன் மனைவிக்கு, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி விறுவிறு என்று ஒரு நடை கொடுத்தோம். மகளுக்கு இரண்டடிக்கு ஒருமுறை ஓட்டம்.

"பின்னணிக்கு வேற ஆள் பிடிப்பமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார் சிஞ்ஞோர். "அவன்ர கதிரை சும்மா கிடக்கட்டும்."

சிட்னியில் இருந்த தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, "இதில பகிடி எங்க?" என்று கேட்டார். போடுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் போட்டார்கள். அமைச்சர் அசையாமல் நின்றார், அவருக்கு முன்னால் சனம் நடந்துகொண்டே இருந்தது. ஒளிபரப்பான கையோடு தொலைக்காட்சிக்கு முறைப்பாடுகள் வரத் தொடங்கின. படம் இறுகிப்போய் நிற்கிறது, சரிசெய்யுங்கள் என்று சொன்னார்களாம். அவ்வளவு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அமைச்சர் ஒருவர் அசையாததால் தங்கள் தொலைக்காட்சிப் பெட்டி பழுதென்று சனம் நினைத்தது. கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இவ்வளவு நல்ல மனிதரோடு தோளில் கைபோட்டுத் தேநீர் குடித்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று சிஞ்ஞோரைத் திட்டி எழுதினார்கள். அடுத்த வாரம் பழைய கார்ட்டூன் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். துள்ளலோடு.

சிஞ்ஞோர் அதற்குப் பிறகு வரையவில்லை. நான் வேறு இடங்களில் கொஞ்சக் காலம் இழுபட்டுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டேன். அவரைப் போய்ப் பார்ப்பதுண்டு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன்.

சிரிக்கவைத்தால் சனம் திருந்தும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித்தந்தால் நம்பாதீர்கள். கோபத்தோடு தூங்கப்போக வேண்டிய சனத்தை நாங்கள் சிரிக்கவைத்து நிம்மதியாகத் தூங்கவைத்தோம். அதை அவ்வளவு கெட்டித்தனமாகச் செய்தோம். நீங்கள் வரைகிறபோது யாருக்கு நடை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்படிப் பார்த்து வரைந்தாலும் ஒன்றும் நடக்காமல் போகலாம், எங்களுக்கு நடக்கவில்லை. இருந்தாலும் பாருங்கள்.

அந்தக் கார்ட்டூன் ஒளிபரப்பான மறுநாள் மத்தியானம் றெஜி தடுப்பு முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, பாத்தனாங்கள். மூண்டு பேரும் போனில பாத்தனாங்கள்."

"எப்பிடி இருந்தது?"

"என்ர தோளைக் கண்டுபிடிச்சிட்டியள்," என்றான். சிரித்ததுபோல இருந்தது. "மகள் தன்னைக் கண்டுபோட்டு ஒரே சத்தம். நல்லாத்தான் நடக்கிறம், அக்கா."

பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பெயர்களைக் கூப்பிடுவது கேட்டது.

"ஆனா பின்னால ஒண்டும் இல்லையே," என்றான். "வெறும் வெள்ளை. நாங்கள் எங்க நடந்து போறம்?"

"பின்னணி கீறுற ஆள் நீதானே, ராசா. நீ இல்லாமல் ஆர் கீறுறது?"

"ஓம், என்ன," என்றான். "கூப்பிடுறாங்கள் அக்கா. வைக்கிறன்."

அந்த வாரமே அவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.